மீட்டர் கேஜிலிருந்து இறங்கியவள்

பிசிக்ஸ் லேபில் உட்காரச் சொல்லியிருந்தார்கள். கல்லூரி விழாவுக்குப் பாட வருகிறவர்கள், ஆட வருகிறவர்கள் எல்லோருக்கும் அந்த அறைதான் காத்திருக்கும் இடமாம். மணி மூன்று நாற்பது. நாலு இருபதுக்கு மேடை. பிலோமினா ஓர் உயரமான மர ஸ்டூலில் கால் தரையில் படாமல் உட்கார்ந்து, கிட்டாரை மடியில் கிடத்திக்கொண்டு, இந்த நாற்பது நிமிஷத்தை என்ன செய்வது என்று யோசித்தாள். முப்பத்தொரு வயதில், அதுவும் சொந்த ஊர் திருச்சியில், ஒன்பது வருஷமாக ஊர் ஊராக மேடையேறி ராப் பாடியவளுக்கு மேடை பயமாக இருக்கக் கூடாது. ஆனால் இருந்தது. ஒன்பது வருஷமும் பக்கத்தில் நவநீதன், அவளுக்கு நவ், இருந்தான். இரண்டு பேரும் சேர்ந்து 'மீட்டர் கேஜ்' என்ற ராப் குழு. வீட்டில் பிலோ என்று கூப்பிட்டதை அவன்தான் ஃப்ளோ என்று மாற்றினான், அதுவே போஸ்டர்களில் ஏறியது. அவனைவிட்டுத் தனியாக வருகிற இந்தத் தடவை பிலோமினா என்று முழுப் பெயரைப் போடுங்கள் என்று எழுதிக் கொடுத்திருந்தாள். கேட்டில் நுழையும்போதே பார்த்துவிட்டாள், ஆளுயரத் தட்டி, அதில் 'மீட்டர் கேஜ் புகழ் ஃப்ளோ'. புகழ். செத்துப்போனவர்கள் பெயருக்கு முன்னால் போடுகிற மாதிரி. பக்கத்து மேசையில் நீளமான மரப்பெட்டி ஒன்று, மேலே ஒற்றைக் கம்பி, முனையில் எடைக்கல். சோனோமீட்டர். பிளஸ் டூவில் பார்த்தது. விரலால் சுண்டினாள். தொய்ந்த கம்பி சத்தம் போடாமல் ஆடி நின்றது. அதை முறுக்கிச் சரிசெய்யக் கை பரபரத்தது. அடுத்தவர் சாமான், வேண்டாம் என்று கையை இழுத்துக்கொண்டாள்.

ஜன்னலுக்கு வெளியே ஏதோ சினிமாப் பாட்டுக்கு ஒரு கோஷ்டி ஆடிக்கொண்டிருந்தது, ஸ்பீக்கர் அதிரும்போதெல்லாம் அலமாரிக் கண்ணாடியும் சேர்ந்து அதிர்ந்தது. ஆட்டம் முடிந்த இடைவெளியில் அந்தச் சத்தம் வந்தது. முதலில் பத்துப் பேர், அப்புறம் மைதானமே. "தொற! தொற! தொற!" அவளுக்காகத்தான். 'கேட்டைத் தொற' என்பது மீட்டர் கேஜின் பாட்டு. பொன்மலையில் லெவல் கிராசிங்கில் பைக்கோடு நின்ற ஒரு மத்தியானம், நவ் பெட்ரோல் டேங்கில் தாளம் போட, இவள் விளையாட்டாகச் சொன்ன நாலு வரி. கல்யாண மண்டபம், கிரிக்கெட் மேட்ச், ஆட்டோ ஸ்டாண்ட் என்று அது போகாத இடம் கிடையாது. 'பூட்டுனது யாரு, கேட்டைத் தொற' என்று இவள் கேட்டால் ஆயிரம் பேர் 'தொற' என்பார்கள். அதைக் கேட்டால் உடம்பு இன்றைக்கும் நிமிர்கிறது, அதுதான் எரிச்சல். பழகிய நாய் மாதிரி. இப்போதும் முதுகு தன்னால் நேரானதை உணர்ந்து வேண்டுமென்றே கூன் போட்டுக்கொண்டாள். போன வாரம் ஒரு பேட்டியில் நவ் சொன்னான். கோபமாகக்கூட இல்லை, இரக்கமாக. "பாவம், அவளுக்குக் குரல் போயிடுச்சு, அதான் கிட்டாரைத் தூக்கிட்டா. இல்லாட்டி அவ ஏன் நாட்டுப்பாட்டுப் பக்கம் போகப்போறா?" அந்தப் 'பாவம்' தொண்டையில் மீன்முள்ளாக நிற்கிறது. ஒரு வாரமாகச் சோற்று உருண்டை உருண்டையாக விழுங்கிப் பார்த்தும் இறங்கவில்லை. பல் தேய்க்கும்போது, பஸ்ஸில், பாதித் தூக்கத்தில் அவனுக்குப் பதில் சொல்கிறாள், ஒவ்வொரு தடவையும் பதில் நன்றாக இருக்கிறது, ஒவ்வொரு தடவையும் முடிவில் ஒரு சின்னக் குரல் கேட்கிறது. அவன் சொன்னது நிஜம்தானே? குரல் போகாமல் இருந்திருந்தால் நீ இறங்கியிருப்பாயா?

குரல் போனது கோயம்புத்தூரில். போன வருஷம், தை மாதம், திறந்தவெளி அரங்கு. 'கேட்டைத் தொற'வின் இரண்டாவது சரணம், மூச்சு விடாமல் பதினாறு வரி. ஏழாவது வரியில் வாயைத் திறந்தால் சைக்கிள் டியூபிலிருந்து காற்று இறங்குகிற மாதிரி ஒரு சீறல். அவ்வளவுதான். வலி இல்லை. ஐந்து வினாடி உலகம் முடிந்துபோனது என்று நினைத்தாள். நவ் பார்த்துவிட்டான், கெட்டிக்காரன், சட்டென்று மைக்கைக் கூட்டத்தின் பக்கம் நீட்டினான். இவளும் நீட்டினாள். மிச்ச ஒன்பது வரியையும் கூட்டமே பாடியது. ஒரு எழுத்துப் பிசகவில்லை. இவளைவிட நன்றாக, இவளைவிடச் சத்தமாக. அப்புறம் அதே கூட்டம் கைதட்டியது, யாருக்கு என்று இவளுக்குத் தெரியவில்லை. மேடைக்குப் பின்னால் நவ் கட்டிப்பிடித்துக்கொண்டு, "பாத்தியா, ஒருத்தனுக்கும் தெரியல!" என்று குதித்தான். அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். அவளுக்கோ அது செருப்படி மாதிரி விழுந்தது. ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அவள் அங்கே இல்லாமல் போய் ஒன்பது வரி ஓடியிருக்கிறது, ஒருத்தனுக்கும் தெரியவில்லை. அந்தப் பாட்டுக்கு அவள் தேவைப்படவே இல்லை. ஓட்டலில் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு அவள் அழுதது குரலுக்காக இல்லை, இதற்காக. ஆனால் இதை எந்தப் பேட்டியில் சொல்வது? சொன்னால் நன்றி கெட்டவள் என்பார்கள். ஆயிரம் பேர் உன் பாட்டைப் பாடுகிறார்கள், அதுவும் ஒரு குறையா?

டாக்டர் குரல்நாணில் கடுகளவு முடிச்சு என்றார், எடுத்தார். மூன்று வாரம் பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. பொன்மலை வீட்டில் அந்த மூன்று வாரம். சர்ச் கொயரில் வாசித்த பழைய கிட்டாரை அலமாரி மேலேயிருந்து இறக்கித் துடைத்துக் கம்பி மாற்றியது அப்போதுதான். பேசாமல் செய்ய முடிந்த ஒரே சத்தம் அது. ஆனால் இந்தப் புதுப் பாட்டு நவ் நினைப்பதுபோல அங்கே தொடங்கவில்லை, அதற்கும் முந்தி தொடங்கியது, அம்மாவிடம் தொடங்கியது. அம்மா ஆரோக்கியமேரி, ரயில் பாதையைச் சரிபார்க்கும் கேங் வேலை பார்த்தவள். பிலோவுக்கு எட்டு வயதில் அப்பா மஞ்சள் காமாலையில் போக, அவருடைய வேலை வாரிசாக அம்மாவுக்கு வந்தது. அப்பாவின் காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேலே போட்டுக்கொண்டு பதினோரு ஆண்களுக்கு நடுவில் போய் நின்றாள். தண்டவாளத்தை நகர்த்தும்போது எல்லோரும் ஒரே மூச்சில் தூக்க வேண்டும், அதற்கு ஒருத்தர் குரல் கொடுக்க வேண்டும். பொம்பளை எப்படித் தூக்குவாள், நீ ஓரமாக நின்று குரல் மட்டும் கொடு என்றாராம் மேஸ்திரி. அம்மா குரல் கொடுத்தாள், ஆண்கள் 'ஏலே' என்று பதிலுக்குச் சேர்ந்துகொண்டார்கள். 'பிடிச்சாச்சா?' ஏலே. 'மூச்சை வாங்கு.' ஏலே. 'மேஸ்திரி நெழலுல.' ஏலே. 'நாம வெயிலுல.' தூக்கு! சிரிப்பை அடக்கமுடியாமல் பதினோரு பேரும் தூக்க, அந்தச் சிரிப்பிலேயே அம்மாவும் குனிந்து கடப்பாரையைப் பிடித்துவிட்டாள். அப்புறம் இருபத்திரண்டு வருஷம் விடவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே ஒருநாள் அம்மா அதை முணுமுணுத்தபோது பிலோ போனில் பதிவு செய்தாள். கோயம்புத்தூருக்கு இரண்டு வருஷம் முன்னால். நவ்விடம் போட்டுக் காட்டினாள். அவனுக்கும் பிடித்தது, பிடிக்காமல் இல்லை. கம்ப்யூட்டரில் ஏற்றி, நாலு நாலு தட்டாக நறுக்கி, கீழே பீட் வைத்தான். கேட்டதும் இவளுக்கு என்னவோ செய்தது, என்ன என்று சொல்லத் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துத்தான் பிடிபட்டது. அம்மாவின் பாட்டில் 'வெயிலுல'வுக்கும் 'தூக்கு'வுக்கும் நடுவே ஒரு சின்ன நிறுத்தம் இருக்கிறது, பன்னிரண்டு பேர் மூச்சை இழுக்கிற இடம். அது நாலுக்குள் அடங்காது. நவ் அதைத்தான் வெட்டியிருந்தான். "அந்த மூச்சை விட்டுடாத, நவ்" என்றாள். "அங்க காலியா இருக்கு, ஃப்ளோ. காலியா விட்டா கூட்டம் செத்துடும்" என்றான். அதோடு அந்த ஃபைல் மூடிக் கிடந்தது.

கதவைத் தட்டிக்கொண்டே உள்ளே வந்தவர் செண்பகவல்லி, பிசிக்ஸ் துறைப் பேராசிரியை, விழாப் பொறுப்பு முழுக்க அவர் தலையில். காலையிலிருந்து ஓடிய களைப்பு முகத்தில், கழுத்தில் தொங்கும் அட்டை முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. "மேடம், ஜூஸ் வந்துச்சா? ஃபேன் ஓடுதா?" என்று சுற்றிவளைத்துவிட்டு எதிர் ஸ்டூலில் உட்கார்ந்தார். "தப்பா எடுத்துக்காதீங்க. கேக்குதில்ல வெளியில? காலையில இருந்து இதான். உங்க புதுப் பாட்டும் பாடுங்க, யாரும் வேணாம்னு சொல்லல. ஆனா முதல்ல 'கேட்டைத் தொற' ஒண்ணு போட்டுட்டீங்கன்னா பசங்க அடங்கிருவாங்க." பிலோமினா, "நான் இப்ப அதைப் பாடுறதில்லைங்க மேடம். போன்லயே சொல்லியிருந்தேனே" என்றாள். தன் குரல் அந்த வெறும் அறையில் தனக்கே கரகரவென்று கேட்டது, ஜல்லியைக் கூடையிலிருந்து கொட்டின மாதிரி. அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்த குரல் இதுதான். செண்பகவல்லி அதைக் கேட்டு ஒரு கணம் தயங்கியது தெரிந்தது. பிறகு குனிந்து, ரகசியம் போல, பரிவாக, "தொண்டை சரியில்லைன்னா கவலையே படாதீங்க மேடம். டிராக் நம்மகிட்ட ரெடியா இருக்கு, போட்டுவிட்டுடறோம். நீங்க பாடக்கூட வேணாம், மைக்கை மட்டும் நீட்டுங்க, பசங்களே பாடிடுவாங்க" என்றார். நல்ல மனுஷி. அதுதான் கஷ்டம். கெட்ட எண்ணத்தோடு சொல்லியிருந்தால் சுலபமாகக் கத்தியிருக்கலாம். "நான் பாடத்தான் வந்திருக்கேன்" என்றாள் பிலோமினா. "சரி... யோசிங்க" என்று அவர் எழுந்து போனார். கதவு சாத்தியதும் கிட்டாரின் கழுத்தை இறுக்கிப் பிடித்தாள். மைக்கை மட்டும் நீட்டுங்கள். கோயம்புத்தூரின் அந்த ஒன்பது வரியை இவர் எங்கிருந்து கண்டுபிடித்தார்?

தாளக்காரன் இம்தியாஸ் மேடையில் மைக்குகளைச் சரிபார்த்துவிட்டு டீயோடு வந்தான். மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்தவன், இப்போது ஒரு மரப்பெட்டிமேல் உட்கார்ந்து கையால் தட்டுகிறான், காலடியில் ஒரு பெரிய தோல் டிரம். இப்போது இவளும் அவனுமாக இரண்டே பேர். "என்னக்கா, மூஞ்சி ஒருமாதிரி இருக்கு?" "கேட்டைத் தொற கேக்குறாங்கடா." "நானும் கேட்டேன், காது கிழியுது. பாடுறோமா?" "நீ என்ன சொல்ற?" இம்தியாஸ் டீயை ஊதினான். "நான் சொல்றதுக்கென்ன. பாடுனா ஜெயிப்போம். பாடலைன்னா அடி வாங்குனாலும் வாங்குவோம். ஆனா ஒண்ணுக்கா, அது பாடுறதா இருந்தா என்னை எதுக்குக் கூட்டியாந்தீங்க? அதான் டிராக்கே இருக்கே." அவன் சிரித்தான், அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, ஆனால் மூச்சு கொஞ்சம் இறங்கியது. அந்த நேரம் பார்த்து அம்மா போன் செய்தாள். மாவு புளித்துவிட்டது, வரும்போது தயிர் வாங்கி வா என்றாள். அப்புறம், "அந்தக் கேங் பாட்டையா பாடப்போற?" என்றாள். "ஆமா." "ஏன்டி, சும்மா நின்னுக்கிட்டுப் பாடுற பாட்டா அது? எதையாச்சும் தூக்குறதுக்குத்தான் அது. நீ என்னத்த தூக்கப்போற, கிட்டாரையா?" கிண்டல்தான். முதல்முறை பாடிக் காட்டியபோதே அம்மாவுக்கு முகம் சரியில்லை, எங்கள் வியர்வையை எடுத்து ரிப்பன் கட்டியிருக்கிறாய் என்கிற மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பயந்துதான் பிலோமினா மெல்லிய மீட்டலில் பாதிக்குமேல் தூக்கிக் கடாசினாள். ஆரம்பம் மட்டும் இரண்டு கம்பியில் தனியாக. நடுவில் ராப். பிறகு இம்தியாஸின் டிரம்மும் கிட்டாரின் இரைச்சலும் ராக் பாட்டின் மூர்க்கத்தோடு ஒன்றாக விழும், 'தூக்கு' என்கிற இடத்தில், அதற்கு முன்னால் அந்த நிறுத்தத்தோடு. வெட்டாமல். அம்மாவிடம் இந்தப் புது வடிவத்தை இன்னும் பாடிக்காட்டவில்லை. "தயிர் வாங்கிட்டு வரேன், வைம்மா" என்றாள்.

மணி நாலு. போனை வைக்காமல் அந்தப் பழைய பதிவைத் தேடி எடுத்தாள். தேதியைப் பார்த்தாள். பார்ப்பது இது நூறாவது தடவையாக இருக்கும். கோயம்புத்தூருக்கு இரண்டு வருஷம் ஒரு மாதம் முந்தைய தேதி. இதோ சாட்சி. குரல் நன்றாக இருந்தபோதே இது எனக்கு வேண்டியிருந்தது, பார் நவ், தேதியைப் பார். உடனே அந்தச் சின்னக் குரல், வேண்டியிருந்தது சரி, ஆனால் இறங்கினாயா? இரண்டு வருஷம் ஏன் சும்மா இருந்தாய்? குரல் இருந்தவரை 'கேட்டைத் தொற'தானே பாடினாய், கூட்டம் கத்தக் கத்த நாய்மாதிரி நிமிர்ந்தாய்தானே? ஆமாம். இறங்கவில்லை. பயமாக இருந்தது. நவ் இல்லாமல் மேடையின் அகலமே பயமாக இருந்தது. முடிச்சு வந்து தொண்டையை அடைத்த பிறகுதான் இறங்கினாள். அப்படியானால் அவன் சொன்னது நிஜம். அங்கேயே வந்து முட்டியது, வழக்கமாக முட்டி, திரும்பி, மறுபடி தேதியைப் பார்த்து, மறுபடி முட்டுகிற இடம். ஒரு வாரமாக இதே வட்டம். ஆனால் இந்தத் தடவை, ஏனென்று தெரியவில்லை, வெளியே 'தொற தொற' என்று மைதானம் இடிந்ததாலோ, டீ சூடாக உள்ளே போனதாலோ, திரும்பவில்லை. அங்கேயே நின்றாள். சரி, குரல் போனதால்தான் இறங்கினேன் என்றே வைத்துக்கொள். அதுக்கு என்ன இப்போ? அப்பா செத்ததால்தான் அம்மா தண்டவாளத்துக்குப் போனாள். அதனால் அம்மா தூக்கியது தண்டவாளம் இல்லையா? வேறு வழியில்லாமல் போனவள் என்று யாராவது பாவப்பட்டால் அம்மா கடப்பாரையைக் காட்டியிருப்பாள். எப்படி வந்தேன் என்பதற்கு நான் யாருக்கு ஜவாபு சொல்ல வேண்டும்? வந்துவிட்டேன். இந்தக் கரகரப்புதான் என் குரல். இது தற்காலிகம் இல்லை, சரியாகப்போகிற நோய் இல்லை, பழைய குரலுக்காகக் காத்திருக்கிற வெற்றிடமும் இல்லை. பதிவின் தேதி யாருக்கு வேண்டும்? போனை அணைத்துப் பையில் போட்டாள். மனசு லேசாகிவிட்டது என்றெல்லாம் இல்லை. பயம் அதே மாதிரிதான் இருந்தது. ஆனால் யாரிடமோ வாதாடிக்கொண்டே இருந்த வாய் உள்ளே மூடிக்கொண்டது. "போலாம்டா" என்றாள் இம்தியாஸிடம், இன்னும் பத்து நிமிஷம் இருக்கும்போதே.

மேடையில் வெயில் முதுகுப் பக்கம். எதிரே ஷாமியானாவுக்குள்ளும் வெளியேயும் இரண்டாயிரம் பேர் கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார்கள். பெயர் சொன்ன மாணவி மறுபடி ஃப்ளோ என்றே சொன்னாள், கூட்டம் எழுந்தது, "தொற! தொற!" பிலோமினா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். உட்கார்ந்ததும் சத்தத்தில் ஒரு குழப்பம் விழுந்தது. ராப் பாடுகிறவர்கள் உட்காருவதில்லை. "என் பேரு பிலோமினா" என்றாள் மைக்கில். கரகரப்பு ஸ்பீக்கரில் மைதானம் முழுக்கப் பரவியது. பின்வரிசையில் யாரோ ஒருவன் அதே மாதிரி கரகரவென்று இருமிக் காட்டினான், சிரிப்பு ஓடியது. அவள் நாலாவது கம்பியை முறுக்கிச் சுருதி பார்த்தாள், அவசரமே இல்லாமல், சிரிப்பு முடியும்வரை. பிறகு இரண்டு கம்பியைத் தொட்டு, "பிடிச்சாச்சா?" என்றாள். இம்தியாஸ் மட்டும் பின்னாலிருந்து "ஏலே" என்றான். 'மேஸ்திரி நெழலுல, நாம வெயிலுல.' நிறுத்தம். அந்தக் காலி இடத்தில் மைதானத்தின் முனகல், பைக் ஹாரன், யாரோ "போட்டுத் தொலைங்கக்கா" என்றது எல்லாம் கேட்டது. நவ் பயந்த காலி இடம் இதுதான். அதை அவள் ஒரு மயிரிழைகூடக் குறைக்காமல் பன்னிரண்டு பேர் மூச்சு அளவுக்கு நிறுத்திப் பிடித்தாள், பிறகு இரண்டு பேரும் ஒன்றாக விழுந்தார்கள். தூக்கு! டிரம்மின் இடி மேடைப் பலகை வழியாகக் காலில் ஏறியது. முன்வரிசையில் ஒருத்தி கையிலிருந்த போனைத் தாழ்த்தினாள். ராப் வந்தது. 'பதினோரு மீசைக்கு நடுவுல ஒரு முந்தானை, சட்டை எங்கப்பன் சட்டை, தோளு எங்கம்மா தோளு.' வேகத்தைப் பழையபடி ஏற்ற முடியாது என்று தெரியும், ஏற்றவில்லை, ஒவ்வொரு வார்த்தையையும் கல்லை வைப்பதுபோல வைத்தாள். உச்சத்தில், 'எங்கம்மா தோளு' என்று மேலே எடுக்கிற இடத்தில், குரல் உடைந்தது. நன்றாகவே உடைந்தது, எல்லோருக்கும் கேட்கும்படி. கை தன்னால் மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பப் பார்த்தது. ஆனால் மைக் ஸ்டாண்டில் இருந்தது, கை கிட்டாரில் இருந்தது. அவள் அதே வரியை மறுபடி எடுத்தாள். மறுபடி உடைந்தது. இம்தியாஸ் பயந்து பார்த்தான், அவள் தலையசைத்தாள், அவன் நிறுத்தாமல் தட்டினான். மூன்றாவது தடவை எடுக்கும்போது அது உடையப்போகிற இடம் அவளுக்குத் தெரிந்திருந்தது, அந்த இடத்தை நோக்கி முழு பலத்தோடு போனாள்.

முடிந்தபோது கைதட்டல் ஒரே மாதிரி வரவில்லை. இடது பக்கம் பலமாக, நடுவில் மரியாதைக்கு, பின்னால் சுத்தமாக இல்லை. ஒரு கும்பல் கேன்டீன் பக்கம் நடந்துகொண்டிருந்தது. வலது ஓரத்தில் சிலர் 'ஏலே' என்று தாமதமாகக் கத்தினார்கள், கிண்டலா நிஜமா என்று தெரியவில்லை. அவர்களுக்கே தெரிந்திருக்காது. "அக்கா, இப்பவாச்சும் பழசு!" என்று ஒருவன் எழுந்து நின்றான், அவனைச் சுற்றி 'தொற' மறுபடி கிளம்பியது. மேடையின் பக்கவாட்டில் செண்பகவல்லி ஒற்றை விரலைக் காட்டிக் கெஞ்சினார், ஒண்ணே ஒண்ணு. பிலோமினா தண்ணீர் குடித்தாள். தொண்டை எரிந்தது, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது, இத்தனை வருஷத்தில் முதல்முறையாக ஒரு பாட்டு முழுவதும் தானே அங்கே இருந்ததாகத் தோன்றியது. மைக்கைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டாள். "அடுத்ததும் புதுசுதான்" என்றாள். ஓவென்று ஒரு கூச்சல், நடுவே யாரோ ஒருத்தியின் விசில். "கெளம்புறவங்க கெளம்பலாம், கோவிச்சுக்க மாட்டேன். நான் இருக்கேன்." நாற்காலிகள் நகர்ந்தன. எழுந்தவர்கள் எழுந்து, வரிசை வரிசையாகத் தடுக்கி வெளியேறி, புழுதி அடங்கும்வரை அவள் காத்திருந்தாள். பிறகு இருந்தவர்களைப் பார்த்து நாற்காலியைச் சற்று முன்னால் இழுத்துப்போட்டுக்கொண்டு இம்தியாஸுக்குத் தலையசைத்தாள்.